ஓடைக்கு அந்தப் பக்கத்து மாவு மில்

ஹாதர்லி வீட்டு மகள் உர்சுலா அம்மாவுக்கு, உங்கள் அப்பாவின் சேவகன் டிக்கன் பென்னக் வணங்கிச் சொல்வது. எழுதும் கை சிசிலி அம்மாளுடையது. மடத்தை மூடியபோது வெளியே வந்த கன்னியாஸ்திரீ. வாய் திறக்க மாட்டார். நீங்களும் படித்தவுடன் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

மடத்து மணிகளை இறக்கி, உடைத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, வடக்கே கலகம் செய்தவர்களை வரிசையாகத் தூக்கில் போட்டார்களே, ராஜாவுக்கு ஒருவழியாக ஆண் குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் ராணி கண்ணை மூடினாளே, அந்த வருஷம். உங்கள் அப்பா சர் ஜெர்வாஸ் ஐயா அப்போது எங்கள் மாவட்டத்துக்கு ஷெரீப், ராஜாவின் ஆணையை நிறைவேற்றும் அதிகாரி. உங்களுக்கு ஆறு வயது.

மில் வழக்கின் விசாரணை திங்கட்கிழமை. அதற்கு நீங்களே வரப்போவதாகவும், அப்பா பொய் எழுதியவர் இல்லை என்று வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்யப்போவதாகவும் உங்கள் கடிதத்தைச் சிசிலி படித்துக் காட்டினார். அதனால்தான் இதை எழுதச் சொன்னேன். அம்மா, வராதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் மாமா ஆம்ப்ரோஸ் துறவி கலகத்துக்கு ஆள் திரட்ட மணி அடித்தவர். அவரைப் பிடிக்கச் சொல்லி ராஜாவின் ஆணை வந்தபோது அவர் உங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார். பிடித்துக் கொடுத்தால், பெண்டாட்டியின் தம்பிக்கு ஐயாவே முன்னால் நின்று தூக்குப் போட வேண்டும். ஒளித்தால் ஐயாவின் தலை போகும். பொய் சொல்லலாம் என்றால் அவருக்கு வராது. காது இரண்டும் சிவந்துவிடும். சீட்டாட்டத்தில்கூட எல்லோரும் அவர் காதைப் பார்த்துத்தான் ஆடுவார்கள்.

ஐயா ஒரு வழி கண்டுபிடித்தார். ஷெரீப்பின் வெள்ளைக் கோல் மாவட்ட எல்லைவரைதான் செல்லும். ஓடைதான் எல்லை. ஓடைக்கு அந்தப் பக்கத்து மாவு மில்லில் ஆம்ப்ரோஸை உட்கார வைத்துவிட்டால், ஆணையின் பின்புறம் "என் மாவட்டத்தில் அகப்படவில்லை" என்று பதில் எழுதித் திருப்பி அனுப்பலாம். அது பொய் ஆகாது. "எப்படிடா டிக்கன்?" என்று கேட்டார். "நல்ல யோசனைங்கய்யா" என்றேன்.

நல்ல யோசனை இல்லை, அம்மா. எனக்கு அப்போதே தெரியும். அதற்கு முந்தைய குளிர்காலத்து வெள்ளத்தில் ஓடை ஒரே ராத்திரியில் இடம் மாறியிருந்தது. தண்ணீர் மாறினால் எல்லை மாறிவிடாது. பழைய ஓடைப் பள்ளம் மில்லுக்கும் பின்னால் இருக்கிறது; அப்படியானால் மில் எங்கள் மாவட்டத்தில்தான். வருஷா வருஷம் பாதிரியார் முன்னே நடக்க ஊரே எல்லையைச் சுற்றி வரும்போது, மறக்கக்கூடாது என்று ஒவ்வொரு கல்லிலும் ஒரு பையனின் தலையை முட்டுவார்கள். அந்தப் பள்ளத்துக் கல்லில் முட்டிய தலை என்னுடையது. ஐயா கல்யாணம் செய்துகொண்டு வெளியூரிலிருந்து வந்தவர். அவருக்குக் கல் தெரியாது; தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அதுதான் எல்லை என்று நினைத்திருந்தார். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காது சிவந்திருக்கும்.

ஆம்ப்ரோஸைத் தேடி லண்டனிலிருந்து வந்த ராஜாவின் ஆள் வீடு முழுக்கக் குடைந்துவிட்டு ஓடைக்கரைக்கு வந்தான். "அந்த மில்லு?" என்று கைகாட்டினான். ஐயா நிமிர்ந்து நின்று, "அது அடுத்த மாவட்டம். அங்க என் கோலைக் கண்டா ஒரு நாய்கூட எந்திரிக்காது" என்றார். அவன் சிரித்துவிட்டான். காது வெள்ளையாகவே இருந்தது.

அப்போதுதான் மில் வாசலில் உங்களைப் பார்த்தேன். கையில் ஒரு ரொட்டி. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு அதை வாங்கியது. "யாரு அந்தப் பொண்ணு?" என்றான் வந்தவன். "மில்லுக்காரன் மகளுங்க. திங்கிறதுக்குன்னே பொறந்தது" என்றேன். அவன் குதிரையைத் திருப்பிவிட்டான்.

அன்று மாலை ஐயா கேட்டார்: "நான் எழுதினது பொய் இல்லையேடா?" "சத்தியமா இல்லைங்கய்யா" என்றேன். சாகும்வரை அப்படியே நம்பினார்.

இப்போது பக்கத்து நிலத்துக்காரன் கிராட்டன் மில்லையும் புல்வெளியையும் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறான். அவன் கண் மில்லின் மேல் இல்லை, உங்கள் வீட்டின் மேல். அந்தப் பழைய ஆணை எப்படியோ அவன் கையில் இருக்கிறது. மில் எங்கள் மாவட்டம் என்று ஆகி, ஆம்ப்ரோஸ் அங்கே இருந்தார் என்றும் யாராவது சொல்லிவிட்டால், ஷெரீப்பே ராஜதுரோகியை ஒளித்தார் என்று ஆகும். உங்கள் மகன் குடியிருக்கும் வீடு, நிலம், பெயர் எல்லாம் போகும். நேற்று அவன் ஆட்கள் மில்லுக்குப் பின்னால் இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லைக் கல் வெள்ளத்து வண்டலில் புதைந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நீங்களோ, "மாமா மில்லில்தான் இருந்தார், நானே ரொட்டி கொண்டுபோனேன், ஆகையால் அப்பா எழுதியது உண்மை" என்று சொல்லப்போகிறீர்கள். அம்மா, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காத்திருக்கிறான்.

எல்லை எது என்று என்னைத்தான் முதலில் கேட்பார்கள். ஊரில் என் ஞாபகத்துக்குத்தான் மதிப்பு. மறந்துவிட்டது என்றால் கைகொட்டிச் சிரிப்பார்கள். ஆகையால் புத்தகத்தின்மேல் கை வைத்து, ஓடைதான் எல்லை என்று பொய் சொல்லப்போகிறேன். பொய்ச் சத்தியத்துக்கு நரகம் என்று எனக்குத் தெரியும். சிசிலி எழுதுவதை நிறுத்திவிட்டு அழுதார். "அழுதது போதும், எழுதும்மா" என்றேன்.

அதற்குப் பிறகு, அன்று மில்லுப் பக்கம் வேறு யார் இருந்தார்கள், எவர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். ஒருவரும் இல்லை என்பேன். மில்லுக்காரன் அடுத்த வருஷமே காய்ச்சலில் போனான். ஆம்ப்ரோஸ் கடல் தாண்டிப் போய் அங்கேயே இறந்தார். உங்கள் அம்மாவும் போனார், பிறகு ஐயாவும். நீங்கள் இருக்கும் பிரிஸ்டலை விட்டு நகராதீர்கள். யார் வந்து கேட்டாலும் உங்களுக்கு ஒன்றும் நினைவில்லை. கடவுள் என்னைக் கைவிட்டாலும் உங்களையும் பிள்ளையையும் காக்கட்டும். அந்த வாசலில் நின்றவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நீங்கள் ஒருவர்தான், உர்சுலா அம்மா.