சீல் வைத்த பெட்டி

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. வெள்ளம் வடிந்துவிட்டது. மாடிக்கு ஏற்றிய பீரோவை இறக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் ஹெலிகாப்டரை டிவியில் பார்த்துப் பெருமைப்பட்டதாகச் சொன்னாய். அன்று போனில் நான் மழுப்பிவிட்டேன். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நீ நர்ஸ் வேலை பார்க்கும் அந்த நாடுதான் நமக்கு நான்கு ஹெலிகாப்டர்களை இலவசமாகக் கொடுத்தது. உதிரி பாகங்களும் அவர்களுடையவையே. ஒப்பந்தப்படி அவர்களுடைய இன்ஜினியர் கையெழுத்துப் போட்டால்தான் பாகங்கள் இருக்கும் பெட்டியைத் திறக்கலாம். நல்ல மனிதர், என்னை 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார். உலக நாடுகளின் சபையில் அவர்கள் கொண்டுவந்த தீர்மானத்துக்கு நம் அரசு ஓட்டுப் போடவில்லை. மறுவாரமே இன்ஜினியரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். உதவியை நிறுத்தவில்லையாம், 'பரிசீலனையில்' இருக்கிறதாம். மூன்று ஹெலிகாப்டர்கள் ஏற்கெனவே படுத்துவிட்டன. நான்காவதற்கு எரிபொருள் பம்ப் மாற்ற வேண்டும். பம்ப் ஸ்டோரிலேயே இருந்தது, சீல் வைத்த பெட்டியில்.

அந்த நேரம் பார்த்து வெள்ளம். ஆற்றுக்கு அக்கரையில் பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஜனங்கள் இரண்டு நாளாக நிற்கிறார்கள் என்று தகவல். எங்கள் அதிகாரி மேலிடத்துக்கு மூன்று முறை போன் போட்டார். "அந்தப் பெட்டிய மட்டும் தொட்டுடாதீங்க, பேச்சுவார்த்தை நடக்குது" என்பதுதான் பதில். மறுநாள் காலை ஸ்டோர் கீப்பர் என்னிடம் வந்தார். "சாவி மேஜை மேல இருக்கு. நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்றார். ஒரு டீயை அவர் முக்கால் மணி நேரம் குடித்தார்.

சீலை நான்தான் உடைத்தேன். மதியத்துக்குள் பம்ப்பை மாட்டிவிட்டேன். பைலட் என் முகத்தைப் பார்த்து, "நம்பி ஏறலாமா?" என்று மட்டும் கேட்டார். ஏறுங்கள் என்றேன். எட்டு நடை, நாற்பத்தேழு பேர். கோழியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரு பெரியவர் அடம்பிடித்தாராம். கோழியும் வந்து சேர்ந்தது.

போன வாரம் மறுபடி ஓட்டெடுப்பு. இந்த முறை நம் ஆட்கள் அவர்கள் பக்கம் கை தூக்கினார்கள். இன்ஜினியர் திரும்பி வந்தார், பின்னாலேயே பெட்டிகளும் வந்தன. ஒப்பந்தத்தை மீறியது யார் என்று அவர்கள் கேட்டபோது ஒரு பெயர் தேவைப்பட்டது. ஸ்டோர் கீப்பருக்கு மூன்று பெண் பிள்ளைகள். என் பெயரைச் சொன்னேன். பைலட்டுக்குப் பதக்கம், எனக்கு சஸ்பென்ஷன். அடுத்த மாதம் விசாரணை. உள்ளே போட்டாலும் போடுவார்கள் என்கிறார் வக்கீல். தான் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று இன்ஜினியர் சொன்னார். உண்மையோ என்னவோ, கேட்க இதமாக இருந்தது.

உன் ஆஸ்பத்திரியில் யாரிடமும் எனக்காகப் பேச வேண்டாம். உன் வேலைக்கு இடைஞ்சல் வரக் கூடாது.

அம்மாவிடம் லீவில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மூன்று வேளையும் நான் வீட்டில் சாப்பிடுவதில் அவளுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு கொஞ்சம் கூடுதலாகப் பேசு. அண்ணன் எங்கே என்று கேட்டால், வெளியூரில் வேலை என்று சொல். குரல் மாறாமல் சொல்.

குழந்தைக்கு என் முத்தங்கள். நன்றாக இருங்கள்.

உன் அண்ணன்