அவன் கழுத்தென்று நினைத்துச் சுற்றியவை

மிஸ்ஸி,

இன்று காலை பேத்தியின் முழங்காலுக்கு மருந்து கட்டினார்கள். டெட்டோல் மணம் வீடெல்லாம் பரவியது. உடனே உங்கள் ஆஸ்பத்திரி நினைவு வந்து, எழுதக் கொப்பியை எடுத்துவிட்டேன். எழுபது வயதுக்குப் பிறகுதான் எழுத்துக் கூட்டப் படித்தேன். ஒரு வரிக்கு வெகுநேரம் பிடிக்கிறது. ஆனாலும் பெரிய சந்தோசம்.

சண்டைத் தடையில் பெற்றோல் வராமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம் அது. என் மனைவிக்கு நெஞ்சுநோ வந்தபோது, கோப்பாயில் எங்கள் ஒழுங்கைக் கார்க்காரன் "எண்ணெய் இல்லை" என்று கைவிரித்தான். மாட்டுவண்டிலில் கொண்டுவந்தேன். நீங்கள் நேர்சாக நின்ற வார்ட்டில் அன்றே போய்விட்டாள். அந்த நேரம் அவனுடைய கார் அரியாலையில் ஒரு கலியாண வீட்டு வாசலில் நின்றதாம்.

செத்தவீடு முடிந்த மறுநாள், அடுப்பு மூட்டக்கூடாத துடக்கு வீட்டில் கஞ்சி காய்ச்சி, சுடுதண்ணிப் போத்தலில் உங்கள் வார்ட்டுக்கு, அவள் கிடந்த கட்டிலடிக்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாளும் வந்தேன். மற்றவர்கள் "விசரன்" என்றார்கள். நீங்கள் மட்டும் போத்தலைக் கைநீட்டி வாங்கினீர்கள். மூன்றாம் நாள், "ஆர் குடிக்கினம் எண்டு வடிவாப் பாருங்கோ, அண்ணை" என்றீர்கள். பார்த்தேன். கட்டிலில் வேறொரு பெண் இருந்தாள். அன்றுதான் கார்க்காரன் செய்ததை உங்களிடம் சொன்னேன்.

"முதல்ல மனம் நம்பாது. இனிக் கோவம் வரும். வந்தா அவனிட்டைப் போகாதேங்கோ, என்னட்டை வாங்கோ."

கொடுவாக்கத்தியோடு வந்தேன். அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தோய்த்துக் காயவைத்த பண்டேஜ்களை என் மடியில் கொட்டினீர்கள். தட்டுப்பாட்டில் பழையதையே திரும்பவும் பாவித்தீர்கள்.

"இறுக்கிச் சுத்துங்கோ."

"எவ்வளவு இறுக்கம்?"

"அவன்ரை கழுத்தெண்டு நினையுங்கோ."

இரண்டு மாதம் சுற்றினேன். ஒன்றும் நெகிழவில்லை.

கடைசியில் மனம் ஆறும் என்றும் சொன்னீர்கள். இடம்பெயர்ந்த இடத்தில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. இல்லாவிட்டால் நேரே சொல்லியிருப்பேன்: அதில் மட்டும் பிழைவிட்டீர்கள், மிஸ்ஸி. ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன். கையில் கத்தி இல்லை, அவ்வளவுதான்.

எழுதப் பழகியதும் முதல் கடிதம் அவனுக்குத்தான் போட்டேன். "அன்று உன் கார் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும்." கீழே என் முழுப் பெயர்.

முந்தாநாள் சந்தையடியில் என்னை மறித்தான். கைத்தடியை ஊன்றி நின்றான்.

"கடிதம் கிடைச்சது. எண்ணெய் இருந்ததுதான். மன்னிச்சுக்கொள்."

இத்தனை வருடமும் அந்தச் சொல்லுக்காகத்தான் இருந்தேன். இனித்தது.

"எழுதித் தா" என்றேன். "இப்ப நான் வாசிப்பன்."