ஊமைக்கோட்டான் படித்த கடிதங்கள்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இந்த வரியில் அவரை நான் சேர்ப்பது இதுதான் முதல் தடவை என்று அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

இந்தத் தடவை கையால் எழுதாமல் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. எனக்கு வரவேண்டிய நாற்காலியைக் கூழைக்கும்பிடு போட்டே பிடித்த எங்கள் மேலாளர், சுற்றறிக்கைகளை ஸ்கேன் செய்து அனுப்பும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார். புதிதாக வந்திருக்கும் சட்ட அதிகாரிக்கு உன்னைப் போலவே பார்வை கிடையாது. அந்தம்மா என் மேசைக்கே வந்து, சார், நீங்க அனுப்பின பத்துப் பக்கமும் வெறும் போட்டோ, எழுத்தை வாசிச்சுச் சொல்ற என் கம்ப்யூட்டர் 'படம்'னு சொல்லிட்டு வாயை மூடிக்குது என்றார். நான் நம்பவில்லை. ஹெட்போனை மாட்டி, திரையை அணைத்துவிட்டுக் கேட்டேன். படம், படம், படம், அவ்வளவுதான். சரி பார்க்கலாம் என்று அதையே எழுத்தாக அடித்து, தலைப்புகளைத் தலைப்பு என்றே குறித்துக் கொடுத்தால், ஒவ்வொரு தலைப்பாகத் தாவித் தாவிப் படிக்கிறது! அட்டவணையை மட்டும் குறுக்கே படிப்பதா நெடுக்கே படிப்பதா என்று தெரியாமல் உளறியது, அதைச் சரிசெய்வதில் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டையே மறந்தேன். முத்திரைக்குக்கூட விளக்கம் எழுத வேண்டுமாம். 'வட்ட முத்திரை, அருகில் மேலாளரின் கோழிக்கிறுக்கல் கையெழுத்து' என்று எழுதினேன், அந்தம்மா சிரித்துவிட்டுக் கோழியை மட்டும் விரட்டச் சொன்னார்.

அப்புறம்தான் பொறி தட்டியது. மூன்று வருடமாக உனக்குக் கையால் எழுதி, படமெடுத்து அனுப்பினேனே, உன் போனே படித்துவிடும் என்றல்லவா இருந்தேன்? ஒரு கடிதத்தை அந்தக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன். படம். ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கேட்டால், அவர்தான்ப்பா படிச்சுக் காட்டுவார், ஒரு வார்த்தை விடமாட்டார், 'அந்த ஊமைக்கோட்டான்'னு அவரைத் திட்டியிருக்கிற இடத்தை உங்க குரல்லயே படிப்பார் என்று சாதாரணமாகச் சொல்கிறாய். எனக்கு உடம்பே கூசிவிட்டது. என்னைக் கேட்காமல் உன்னைக் கட்டிக்கொண்டார் என்று எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்! என்னைத் திட்டி ஒரு வரி வந்திருந்தால் நான் அந்தத் தாளையே ஒளித்திருப்பேன்.

இனி நடுவில் ஆள் இல்லை, எதையும் மனம்விட்டு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன், அவரைப் பற்றி உன்னிடம் மட்டும் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை.

இருவரும் குறைவில்லாமல் வாழுங்கள். படியிறங்கும்போது கைப்பிடியை விடாதே. இந்தக் கடிதத்தை உன் போனே படித்துவிடும், இருந்தாலும் ஒரு தடவை அவரைப் படிக்கச் சொல். என் குரலில் வேண்டாம், அவர் குரலிலேயே படிக்கட்டும்.

உன்
அப்பா