படுத்தபடியே பேசு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை, இல்லை என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அவர்மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ஆபீஸிலேயே மயங்கி விழுந்தாயாம், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லி இரண்டு வாரமாக வீட்டில்தான் இருக்கிறாயாம். அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. காலையில் என்னோடு வீடியோவில் பேசுவதற்காகவே எழுந்து, தலைவாரி, ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவாயாம், பேசி முடித்ததும் அப்படியே படுக்கையில் விழுவாயாம். "அம்மா திட்டுவாங்கன்னு பயப்படுறா அத்தை" என்றார். போன மாதம்கூட லீவு நாளில் நீ தூங்கியதற்கு, பகலில் என்ன தூக்கம், ஏதாவது உருப்படியாகச் செய்யக்கூடாதா என்று கேட்டவள் நான்தானே.

அன்று கடையில் எனக்குக் கை ஓடவில்லை. ஒரு பள்ளிச் சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். தையல் மெஷின் மோட்டார் சூடானால் தொட்டுப் பார்த்து நிறுத்தி ஆறவிடுகிறேன், பெற்ற பெண்ணை அப்படிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று மனசு குத்துகிறது. தப்பு என்மேல்தான். அப்பா ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், நான் வீட்டுக்குள் நுழைந்தாலே அவர்கூடப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாராம், குட்டிம்மா என்ன செய்வாள் பாவம் என்கிறார். ரிட்டயர் ஆன மனுஷன், அவரையும் நான் உட்காரவிடவில்லை போலிருக்கிறது. உன் தம்பி டிரைவிங் டெஸ்டில் மறுபடியும் கோட்டை விட்டுவிட்டான், கவலையே இல்லாமல் உன் பங்குக்கும் சேர்த்துத் தூங்குகிறான், நானும் எழுப்புவதில்லை. மதியம் கொஞ்ச நேரம் கடையைச் சாத்திவிட்டு நானும் படுக்கிறேன். முதல் நாள் படுத்துக்கொண்டே அடுத்த துணியை மனசுக்குள் வெட்டிக்கொண்டிருந்தேன், இப்போது பழகிவருகிறது. நீயும் உடம்பு தேறி வேலைக்குப் போனாலும் ஒரேயடியாகப் பாய்ந்துவிடாதே. ஒன்றை முடித்தால் ஜன்னல் பக்கம் போய்ச் சற்று நில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாதே, மிச்ச வேலை எங்கேயும் ஓடிவிடாது.

போனில் சொன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நூறு வயசு இரு. மறந்துவிடாதே, இது கைக்கு வந்ததும் சட்டை மாற்றாமல் படுத்தபடியே என்னைக் கூப்பிடு. பேச வேண்டும் என்றுகூட இல்லை. போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா