உப்பேறிய பள்ளிக்கூடம்

பள்ளி விடுதி
ஜூன் 12

அன்புள்ள தவளைக்கு,

நலமா? துணை இயக்குநர் ஆனபின் உனக்குக் கை வலி வந்துவிட்டது போல. நான் மூன்று கடிதம் போட்டால் உன்னிடமிருந்து ஒன்று வருகிறது. போகட்டும், நாற்காலி பெரியது, நேரம் சிறியது என்று வைத்துக்கொள்கிறேன்.

நம் விவசாயப் பள்ளி திறந்துவிட்டது. இந்த வருஷம் பள்ளியில் மொத்தமே ஒன்பது பெண்கள்தான். நாம் சேர்ந்தபோது படுக்க இடமில்லாமல் மாட்டுக் கொட்டகையின் மறுபாதியில் பாய் விரித்தோமே, அந்தப் பள்ளிக்கு வந்த கதியைப் பார்த்தாயா? நீயும் நானும் இருந்த அறையில் இப்போது காலிச் சாக்குகள் கிடக்கின்றன.

கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறது. பக்கத்து நிலங்களில் இறால் குட்டை வெட்டிக் கடல்நீரைத் தேக்க ஆரம்பித்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை. இந்த வருஷம் நாற்று முளைத்த வேகத்தில் நுனி கருகிவிட்டது. பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. பயிர்ப் பாடத்தைச் சுவரில் படம் மாட்டி நடத்துகிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது. கால்வாயிலிருந்து ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வோம். கோப்பு உன் மேஜைக்குத்தான் வருமாம். கொஞ்சம் பார், டீ.

இன்னொன்று. உங்கள் அலுவலகத்திலிருந்து பள்ளியின் வரலாற்றைக் கேட்டிருக்கிறார்கள். "இங்கயே வேர் விட்டவங்க நீங்கதான் டீச்சர், நீங்களே எழுதிடுங்க" என்று தலைமையாசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். ஆரம்ப காலத்தில் நடந்ததில் உனக்கு நினைவிருப்பதை எழுதி அனுப்பு.

உன்
ஒட்டடைக்குச்சி


தலைமை அலுவலகம்
ஜூலை 4

என் அருமை ஒட்டடைக்கு,

திட்டி முடித்தாயா? இப்போது கேள்.

நிலம் தந்தது பேருந்து முதலாளி. தர்மம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்; யாரும் விலைக்குக் கேட்காத கரம்பு அது என்பது அவருக்குத் தெரியும். முதல் நாள் பெரிய டீச்சர் நம்மை வரிசையில் நிற்க வைத்து என்ன சொன்னார்? "புத்தகம் அப்புறம் தரேன். முதல்ல கல்லப் பொறுக்குங்க." அந்த வருஷம் முழுக்கப் பொறுக்கினோம். பொறுக்கிய கல்லை வைத்தே சுற்றுச்சுவர் எழுந்தது. உன் நெட்டை உயரத்துக்குத் தரையில் கிடந்த கல் எட்டவில்லை என்று குனிந்து குனிந்து அழுதாய். வாளியின் கயிறு அறுந்ததும் நான் கிணற்றில் குதித்தேன். ஆளுக்கொரு பட்டப்பெயர் அந்த வாரமே வந்து ஒட்டிக்கொண்டது.

என் அப்பா வந்ததையும் எழுது. "மண்வெட்டி புடிக்கவா எம்பொண்ண அனுப்புனேன்? கிளம்புடீ!" என்று என் பெட்டியைத் தூக்கிவிட்டார். நீ வாசலை மறித்துக்கொண்டு, "இவ போனா நானும் போயிடுவேன் மாமா, அப்புறம் எங்கப்பா உங்களச் சும்மா விடமாட்டார்" என்றாய். அவர் சிரித்துவிட்டார், பெட்டியும் கீழே வந்தது. அன்று நீ நகர்ந்திருந்தால் நான் இந்த நாற்காலியில் இல்லை.

எதையும் பூசி மெழுகாதே. உப்பைப் பற்றியும் உள்ளபடி எழுது. அப்போதுதான் மேலே இருப்பவர்களுக்கு உறைக்கும். மண் பரிசோதனைக்கு ஆள் அனுப்புகிறேன்.

என்றும் உன்
தவளை


பள்ளி விடுதி
அக்டோபர் 20

அன்புத் தவளைக்கு,

நீ அனுப்பிய குழு வந்து போனது. மூன்று பேர். குழி தோண்டி மண்ணைப் பைகளில் கட்டிக்கொண்டார்கள். விடுதியில்தான் சாப்பிட்டார்கள். அவர்களில் வயதானவர் தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, "இதுல உப்புப் போடாமலே சமைக்கலாம் போலிருக்கே" என்றார். சமையல்காரம்மா விடுவாளா? "போடாமத்தான் சமைக்கிறேன் சார், வருஷக்கணக்கா" என்றாள்.

வரலாற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நம் விதைநெல்லுக்கு விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து காத்திருந்த காலத்தை எழுதும்போது கை நிற்கவே இல்லை. பிறகு பெற்றோர் முகம் மாறிய காலம். "படிச்சும் மண்ணத்தான் கிண்டணும்னா, படிக்காமலே கிண்டிட்டுப் போறா" என்று என்னிடமே சொல்லிப் பிள்ளையை அழைத்துப் போனாள் ஒரு தாய். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அதையும் எழுதிவிட்டேன். உப்பைப் பற்றி நீ சொன்னபடியே ஒளிக்காமல் எழுதினேன்: "இன்றுள்ள நிலையில் இந்த மண்ணில் எதையும் விளைவித்துக் காட்டிக் கற்பிக்க இயலாது." கீழேயே கால்வாய்க் குழாயைக் கேட்டிருக்கிறேன்.

பிள்ளைகள் சும்மா இல்லை. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து பழைய பீப்பாய்களில் தக்காளி வைத்திருக்கிறார்கள். லாரியில் வரும் குடிநீரில் ஆளுக்கொரு குவளை மிச்சம் பிடித்து ஊற்றுகிறார்கள். குழு வந்த அன்று ஒருத்தி அவர்களிடம் நேரே போய், "குழாய் எப்ப சார் வரும்?" என்று கேட்டாள். "வரும்மா, வரும்" என்றார்கள்.

வரும்தானே?

உன்
ஒட்டடை


தலைமை அலுவலகம்
பிப்ரவரி 9

ஒட்டடை,

இதை அலுவலகத் தபாலில் நீ படிக்கும் முன் என் கையெழுத்தில் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

இந்தக் கல்வியாண்டோடு பள்ளியை மூடுகிறார்கள். நிலம் இறால் பண்ணைக்குக் குத்தகைக்குப் போகிறது. உத்தரவுக்கான குறிப்பை எழுதியது நான்தான். மண் பரிசோதனை முடிவும் உன் வரலாறும் அதில் இணைந்திருக்கின்றன. "பள்ளியின் மூத்த ஆசிரியரே குறிப்பிட்டுள்ளபடி" என்று தொடங்கி நீ எழுதிய அந்த வரியை எடுத்துப் போட்டேன். அதற்குக் கீழே இருந்த குழாயைப் போடவில்லை. குழாய்க்கு முதலில் இருந்தே பணம் ஒதுக்குவதாக இல்லை, டீ. ஜூலையிலேயே எனக்கு அது தெரிந்திருந்தது. மண் முடிவைப் பார்த்தால் மனம் மாறுவார்கள் என்று நம்பினேன். முடிவைப் பார்த்தார்கள். அதையே காரணமாக்கிக்கொண்டார்கள்.

நான் எழுதாவிட்டால் பக்கத்து மேஜைக்காரர் எழுதியிருப்பார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முடித்திருப்பார். நான் எழுதியதால் அவர்களுக்கு வேறு விடுதிகளில் இடம் வாங்க முடிந்தது. எல்லாருக்கும் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. உனக்கு இங்கே விதை ஆய்வகத்தில் வேலை. என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வந்துவிடு. வந்து என்னை நேரில் திட்டு.

தவளை


மே 2

அன்புள்ள தவளைக்கு,

பிப்ரவரியில் வந்த கடிதத்துக்கு மே மாதம் பதில். உன் கை வலி எனக்கும் தொற்றிவிட்டது.

மாடுகள் முதலில் போயின. லாரியில் ஏறமாட்டேன் என்று ஒன்று காலை ஊன்றிக்கொண்டது; பால் கறக்கிறவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் ஏறினார். அடுத்த வாரம் பிள்ளைகள் போனார்கள், நான்கு ஊர்களுக்கு நான்கு வண்டிகளில். பீப்பாயில் மூன்று தக்காளி பழுத்திருந்தது. ஒவ்வொன்றையும் மூன்றாக நறுக்கிச் சாப்பிட்டார்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "புளிக்குது டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அதன்பின் யாரையும் அடக்க முடியவில்லை.

நான் ஆய்வகத்துக்கு வரவில்லை. தம்பியின் இரும்புக் கடையில் ஆணி எடை போடுகிறேன். ஆணி கருகாது.

உத்தரவோடு வந்த உன் குறிப்பை எத்தனையோ முறை படித்துப் பார்த்துவிட்டேன். அதில் பொய் இல்லை. மண் செத்துவிட்டது உண்மை, அதை எழுதியது நான் என்பதும் உண்மை. அதனால் உன்னோடு சண்டை போடக்கூட எனக்கு வழியில்லை. ஜூலையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: "குழாய் வராது" என்று. அந்தப் பிள்ளைகளிடம் நான் வரும், வரும் என்று சொல்லாமல் இருந்திருப்பேன். நம்மிருவருக்கும் நடுவில் நான் தேடிப் பார்த்த குற்றம் அவ்வளவுதான். சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் தாண்ட முடியவில்லை.

புறப்பட்ட அன்று தம்பியின் வண்டிக்காகக் காத்திருந்தபோது, பேருந்து நிறுத்தத்தில் ஒரு அம்மாவும் பெண்ணும் இறங்கினார்கள். பெண்ணின் தலையில் தகரப்பெட்டி. "பொண்ணுங்களுக்கு விவசாயம் சொல்லித் தர்ற பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்மா? ரொம்ப நல்ல பள்ளிக்கூடம்னாங்க" என்றாள் தாய்.

"மூடிட்டாங்கம்மா."

"திரும்ப எப்பம்மா திறப்பாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அவர்கள் வந்த பேருந்து திரும்பிப் புறப்படத் தயாரானது. அடுத்த வண்டி சாயங்காலம்தான் என்று சொல்லி இருவரையும் அவசரமாக அதிலேயே ஏற்றிவிட்டேன். பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். கனமாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். கடையின் விலாசம் இதில் எழுதவில்லை. மறந்து விட்டதல்ல.

ஒட்டடைக்குச்சி