சம்பந்தியும் என் பாய்லரும்

8 மார்ச் 1992, ஞாயிறு இரவு

யாருமே நம்பாத ஒரு கதையை என் பாய்லர் மேல் ஆணையாக எழுதுகிறேன். இன்று என் வாயால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது. அதே வாயால்தான் பிழைத்தது.

அக்கா மகள் செல்விக்குத் தேதி குறிக்கக் காவேரிப்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்திருந்தார். மாந்தோப்புக்காரர். வெயிலில் பூவெல்லாம் கருகிக் கொட்டிவிட்டதாம். "முன்னெல்லாம் இந்த ஓசூர்ல சித்திரையிலயும் கம்பளி போத்தினோம். இந்தச் சூடு எங்கிருந்து வந்துச்சு?" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். "நான்தாங்க மூட்டினேன். கம்பெனி பாய்லர் என் கையில. நான் கரி அள்ளிப் போட்டா சூரியனே துண்டால முகம் துடைச்சுக்கும்" என்றேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப என் பூவைக் கருக்கினது நீதானா?"

சிரிக்கவில்லை. கதவோரம் செல்வி விசும்பினாள். "வாயை மூடுறா, பாவி" என்றாள் அக்கா.

எனக்கே வியர்த்தது. "கவலைப்படாதீங்க. போன வருஷம் கடலுக்கு அந்தாண்ட ஒரு எரிமலை வெடிச்சுது. அந்தத் தூசு வானத்துல குடை பிடிச்சிருக்கு, பூமி குளிர்ந்துடும். நான்தான் சொல்லி வெடிக்க வச்சேன்" என்று அவிழ்த்துவிட்டேன்.

என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப அந்த மலையையும் சீர்வரிசையில சேர்த்து அனுப்புப்பா!"

வைகாசியில் கல்யாணம். அப்பாடா.

சொன்னதில் துளி நிஜம் உண்டு. எரிமலைத் தூசு குளிர்விக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தான். ஆனால் அது ஓரிரு வருஷத்தில் இறங்கிவிடுமாம். நாங்கள் எரிக்கும் கரியின் வாயுதான் இறங்காமல் மேலேயே தங்கிச் சூடேற்றுமாம். அந்த மிச்சத்தைத் தாலி ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.