பொங்கலன்று நான் கூட்டி எடுத்த உப்பு

எடிசன், நியூ ஜெர்சி
தை 12

அன்பு மகள் விசாலாட்சிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஆர்யனும் சான் ரமோனில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் உன் அண்ணன் அகிலனும் பேத்தி வெண்பாவும் சுகம். உன் அண்ணி எழிலரசிக்கு மட்டும் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு இன்னும் இருக்கிறது, முகவாயில் போட்ட மூன்று தையலைப் பிரித்தாகிவிட்டது, காயம் ஆறி வருகிறது. தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். நீ வேலைக்குக் காரில் மலை ஏறி இறங்கும்போதுதான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாய், பின்சீட்டில் பேரன் இருப்பான், இங்கேயும் என் பக்கத்தில் யாராவது இருப்பார்கள், அப்படி இதைச் சொல்ல முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே.

பொங்கலன்று காலையில் அண்ணி சைக்கிளில் இருந்து விழுந்தது உனக்குத் தெரியும். பனிக்காலத்தில் சைக்கிளை எடுத்ததுதான் தப்பு என்று உன் அண்ணன் சொன்னதும் தெரியும். நீயும் அன்றைக்குப் போனில் அவளிடம், “ஏன் அண்ணி, இந்தக் குளிர்ல சைக்கிள் ஓட்டறதுக்கு நீங்க என்ன சின்னப் புள்ளையா? அம்மா எப்படிப் பயந்து கிடக்கறாங்க பாருங்க” என்று கேட்டாய். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவளை விழவைத்தவள் நான்தான் அம்மிணி. எப்படி என்று கேள்.

கார்த்திகையில் அப்பாவுக்கு வருஷத் திதி முடிந்தது, நீயும் இங்கே வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாய். அப்பா போன பின்னால் ஒரு வருஷம் நான் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கவில்லை, கோலப்பொடியைத் தொடவில்லை. போன பொங்கல் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. ஊரில் இருந்து வரும்போது பெட்டியில் என்னத்துக்கோ ஒரு பாக்கெட் கோலப்பொடி போட்டுக் கொண்டு வந்தேன், ஆனால் எடுக்கக் கை வரவில்லை. உன் அண்ணிதான், “அத்தை, வருஷம் முடிஞ்சுதுங்களே, இந்தப் பொங்கலுக்கு நீங்களே கோலம் போடுங்க. நான் போட்டா வெண்பா வந்து இது என்ன சிலந்தியான்னு இங்கிலீஷ்ல கேக்கறா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அப்புறம்தான் நினைத்தேன். இங்கே எந்தப் பண்டிகையானாலும் சனிக்கிழமைதான் வருகிறது, பொங்கலையும் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். நான்தான் பொங்கலன்றைக்கே கோலம் போட்டு ஒரு படி பாலாவது பொங்க வைக்கிறேன் என்று சொன்னேன்.

அன்றைக்கு விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, அண்ணனின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் கதவைத் திறந்தேன். படியில் இருந்து கராஜ் முன்னால் சரிவு வரைக்கும் கல் உப்பு இறைந்து கிடந்தது. உப்பு லட்சுமி இல்லையா, அதைக் காலால் மிதிக்கலாமா, அதுவும் பொங்கலன்றைக்கு. வெண்பாதான் கராஜில் இருந்த மூட்டையில் கையை விட்டு விளையாடிக் கொட்டிவிட்டாள் என்று நினைத்தேன். முன்பு பனி விழுந்தபோதெல்லாம் ஆட்கள் வந்து தள்ளிவிட்டுப் போனார்கள், உப்புப் போட்டு நான் பார்த்ததே இல்லை. துடைப்பத்தை எடுத்து ஒரு கல் விடாமல் கூட்டி, குப்பையில் போட மனசு வராமல் பழைய வாளி ஒன்றில் அள்ளி வைத்தேன். அப்புறம் தண்ணீர். எனக்குத் தண்ணீர்க் கணக்குத் தெரியாது விசாலு. பொங்கலன்றைக்கு மட்டும் அப்பாதான் வாசலுக்கு ஊற்றுவார், இரண்டு வாளி. ஊற்றிவிட்டு டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார், இந்த இழை கோணுது தனபாக்கியம், அந்தப் புள்ளி தள்ளிப்போச்சு என்று சொல்லிக்கொண்டே இருப்பார், நான் பொடியை அவர் கையில் கொடுத்து நீங்களே போடுங்க என்பேன். அந்த ஞாபகத்தில் நானும் இரண்டு வாளி ஊற்றினேன். விரல் மரத்துப்போனது, பரவாயில்லை என்று கராஜ் முன்னால் அகலமான இடத்தில் ஏழு புள்ளிக் கோலம் போட்டேன். போட்டு முடித்துப் பார்த்தால் கோலம் பளபள என்று கண்ணாடி போட்டு மூடினதுபோல மின்னுகிறது. நம் ஊரில் ஒரு நாளும் கோலம் இப்படி மின்னினது இல்லையே, அப்பா இருந்தால் இதில் என்ன குறை சொல்வார் பார்ப்போம் என்று நின்று ரசித்துவிட்டு உள்ளே போனேன். அது தண்ணீர் உறைந்து ஐஸ் ஆன மினுக்கு என்று எனக்கு எங்கே தெரியும்.

ஆறரைக்கு அண்ணி சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினாள். கராஜ் கதவு திறந்தது கேட்டது, அடுத்த நிமிஷம் தகரம் விழுந்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், முன் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தலையில் ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. முகவாயில் ரத்தம். அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, “அத்தை, வராதீங்க, அங்கயே நில்லுங்க, வழுக்குது, நீங்க விழுந்துருவீங்க” என்று கத்தினாள். அவள் கிடந்த இடம் என் கோலம் விசாலு. இருட்டிலும் வலியிலும் அவள் அதைப் பார்க்கவில்லை, பதற்றத்தில் அண்ணனும் பார்க்கவில்லை. அண்ணன் வந்து தூக்கிக் காரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, பொங்கலோ பொங்கல் என்று சொல்ல ஆள் இல்லை. வெண்பா மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறாள்.

போகிற அவசரத்தில் அண்ணன், “ராத்திரியே ஒரு மூட்டை உப்பு போட்டேன், அப்படியும் வழுக்குதுன்னா என்ன பண்றது” என்று தனக்குத்தானே சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது, ஐஸ் பிடிக்காமல் இருக்கத்தான் அந்த உப்பு என்று. வெண்பாவை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கூட்டி வைத்த உப்பை எடுத்து வந்து ஐஸ் மேல் இறைத்தேன். கொஞ்ச நேரத்தில் சடசட என்று விரிசல் விட்டு இளகித் தண்ணீராக ஓட ஆரம்பித்தது. அதோடு கோலமும் கரைந்து ஓடியது. அவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது வாசலில் ஒரு தடயமும் இல்லை. வேண்டுமென்று அழித்தேனா, மறுபடி யாரும் விழக் கூடாது என்று அழித்தேனா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லியிருக்கலாம். முதலில் பயம், மருமகள் என்ன நினைப்பாள் என்று. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டது. அப்பா போன பின்னால் முதல்முதலாக வாசலைத் தொட்டேன், தொட்ட அன்றைக்கே வீட்டுப் பிள்ளை ரத்தம் சிந்தினாள். தாலி இழந்தவள் கை வாசலில் பட்டதால்தானோ என்று நினைக்க ஆரம்பித்தேன். அப்படி நினைத்தவளுக்குச் சோறு எப்படி இறங்கும். நீ, “அம்மா, இங்க வந்துருங்க, இங்க ஐஸே கிடையாது” என்று மாசிக்கு டிக்கெட் போட்டபோது சரி என்று சொன்னது அதனால்தான். ஓடிவிடலாம் என்று பார்த்தேன்.

ஆனால் இங்கே அண்ணன் முடிவு செய்துவிட்டான். உப்புப் போட்டும் வழுக்குகிற ஊரில் சைக்கிள் ஆகாது, கார் டெஸ்டில் அவள் இரண்டு தடவை தவறிவிட்டாள், வீட்டில் இருக்கிற ஒரு காரை அவன் ஆபீசுக்கு எடுத்துப் போகிறான், அதனால் வேலையை விட்டுவிடு என்றான். சைக்கிளைப் போட்டோ எடுத்து விற்பனைக்கும் போட்டுவிட்டான். அவளுக்கு வேலை செய்ய அனுமதி வர ஆறு வருஷம் ஆனது உனக்கே தெரியும். அந்த டேகேரில் சேர்ந்து ஐந்து மாசம்தான் ஆகிறது. சாயங்காலம் வந்தால் எந்தக் குழந்தை யாரைக் கடித்தது, எது தூங்காமல் பாட்டுப் பாடியது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள், அந்த முகமே வேறு. அதை நடத்துகிற பெரியம்மா நல்ல மனுஷி, ஒரு மாசம் இடத்தை வைத்திருக்கிறேன், வருவாயா மாட்டாயா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல் என்றாளாம். வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி ஒரு கையால் போனில் ஏதோ தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருந்தாள். என்ன கண்ணு என்றேன். “வேலைய விடறேன்னு எழுதறனுங்கத்தை, எப்படி எழுதினாலும் பொய்யாட்ட இருக்குது” என்றாள்.

அவளுக்குக் கட்டுப் போட்டதில் இருந்து நான்தான் தலை பின்னிவிடுகிறேன். அன்றைக்கும் முன்னால் உட்கார வைத்துப் பாதி பின்னிக்கொண்டிருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் உப்பில் ஆரம்பித்துக் கோலம் கரைந்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என் கையில் இருந்த சடையை உருவிக்கொண்டு எழுந்து, “பத்து நாளா உங்க பையன் என்னையத்தானுங்க திட்டிட்டு இருக்காரு. நீங்களும் பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டுத்தான இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா?” என்றாள். பாதிப் பின்னலோடு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்ததும், ஷூவைக் கழற்றுவதற்குள் அவனிடமும் சொன்னேன். “அம்மா, உப்பை யாராச்சும் கூட்டி எடுத்து வெப்பாங்களா?” என்று தலையில் கையை வைத்துக்கொண்டான். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அப்போது அண்ணி மேலே இருந்து இறங்கி வந்தாள். அவனைத்தான் கேட்டாள், என்னைப் பார்க்கவில்லை. “அப்ப நீங்க போட்ட உப்பு அங்கயே இருந்திருந்தா நான் விழுந்திருக்க மாட்டேன், அப்படித்தானுங்களே?” என்றாள். ஆமா என்றான். “அப்ப சைக்கிள் மேல தப்பில்லையே. அந்த போட்டோவ எடுத்துருங்க” என்றாள். அவன் வாயைத் திறக்கப் பார்த்தான், நான் ஒரு பார்வை பார்த்தேன், சின்ன வயசில் பார்ப்பேனே அந்தப் பார்வை. விற்பனையில் இருந்து போட்டோவை எடுத்துவிட்டான். ஐஸ் பிடித்த நாளில் தானே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆபீஸ் போவதாகவும் ஒத்துக்கொண்டான். அவள் அங்கேயே நின்று டேகேருக்குப் போன் போட்டு, கட்டுப் பிரித்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அப்புறமும் என்னோடு பேச்சில்லை. ராத்திரிச் சாப்பாடு போடும்போது நானே சொன்னேன், எழில், இனி இந்தக் கையால் உன் வாசலைத் தொட மாட்டேன், இது விளங்காத கை என்று. தட்டை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். “உங்க கையில ஒன்னுமில்லீங்கத்தை, தண்ணியிலதான். ரெண்டு வாளி ஊத்தினா யாரு கையானாலும் ஐஸ்தான் ஆகும்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாதிச் சடையோட நிக்கறேன், முடிச்சு விடுங்க” என்று வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அழுதுகொண்டேதான் பின்னினேன், கோணலாகத்தான் வந்தது.

மறுநாளில் இருந்து வாசலுக்கு உப்புப் போடுகிற வேலை எனக்கு என்று சொல்லிவிட்டாள். மூட்டையை என் பக்கம் தள்ளி, “கூட்டறதுல காட்டின திறமைய இதுல காட்டுங்க” என்று ஒரு குத்தும் குத்தினாள், குத்தட்டும். முதல் நாள் உப்பை வாசலில் போடக் கை கூசியது, லட்சுமித் தாயே, பிள்ளைகள் வழுக்கக் கூடாது என்றுதான் போடுகிறேன், கோபிக்காதே என்று சொல்லிவிட்டு இறைத்தேன். இன்றைக்குக் காலையில் இறைத்துக்கொண்டே இருந்தவள், விரல் தானாகக் குவிந்து, உப்பாலேயே ஒரு ஐந்து புள்ளிக் கோலம் போட்டிருக்கிறேன். பொடி மாதிரி மெலிசாக இறங்கவில்லை, கட்டை கட்டையாக விழுந்தது, இழை நன்றாகவே கோணல், அப்பா இருந்தால் விட்டிருக்க மாட்டார். அண்ணி ஜன்னலில் இருந்து பார்த்து வெண்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெண்பா இங்கிலீஷில் என்னமோ கேட்டாள். சிலந்தியா என்று கேட்டாளாம்.

அதனால் விசாலு, அந்த மாசி டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கோபப்படாதே, பங்குனியில் பேரனைப் பார்க்கக் கட்டாயம் வருகிறேன். மாசியில் அண்ணிக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள், அவள் சைக்கிளை எடுக்கிற முதல் நாள் உப்புப் போட்டுவிட்டு வாசலில் நான் நிற்க வேண்டும். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, காரில் போகும்போது பேச்சைக் குறைத்து ரோட்டைப் பார். உன் ஊரில் தண்ணீர் உறையாது, வெள்ளிக்கிழமையாவது வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்து நாலு இழை இழு. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உங்களுக்கு என்றைக்கும் உண்டு. மறக்காதே, இதைப் படித்து முடித்ததும் எனக்கு வேண்டாம், அண்ணிக்குப் போன் போடு. காரில் இருந்து போடாதே, வீட்டில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் இல்லாமல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சே. தனபாக்கியம்